எட்டு இதழ்களில் மீண்டெழுந்த பதிப்பகம்

ஸ்பைடர்மேன், ஹல்க், அயர்ன்மேன் ஆகிய பெயர்களைத் தமிழகத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளும் இன்று அறிவார்கள். 2019-இல் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தின் தமிழ் வடிவத்தில் அயர்ன்மேனுக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் விஜய் சேதுபதி. இந்த நாயகர்களின் கதைகளை எழுதிய ஸ்டான் லீயின் பெயர் உலகறிந்தது. அவற்றை வரைந்த ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ ஆகியோரின் பெயர்களைப் படக்கதை வாசகர்கள் அறிவார்கள். இவர்கள் எல்லோருக்கும் சம்பளமும் கூலியும் கொடுத்து, இதழ்களைத் தம் சொந்த முதலில் அச்சிட்டு விற்றவர் மார்ட்டின் குட்மன். பின்னாளில் மார்வெல் என்று பெயர்பெற்ற நிறுவனத்தை 1939-இல் தொடங்கியவரும், 1968 வரை தம் உடைமையாக வைத்திருந்தவரும் அவரே.

படக்கதைகளில் ஆர்வம் இல்லாதவர்களும் குட்மனின் வாழ்க்கையை அறிந்துகொள்வது பயனுள்ளது. ஒரு சிறு பதிப்பகம் எப்படி எழுகிறது, எதனால் வீழ்கிறது, எந்தச் சூழலில் மீண்டும் தலைதூக்குகிறது, அதன் ஆதாயம் இறுதியில் யார் கைக்குப் போகிறது என்ற நான்கு கேள்விகளும் அந்த வாழ்க்கையில் வரிசையாக எழுகின்றன. சந்தைப் பொருளியலைப் பாடமாக நடத்தியவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

பெட்டிக்கடை வணிகத்தின் மாணவர்

குட்மன் 1908-ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். லிதுவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம்; பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. இளமையில் வேலை தேடி அமெரிக்காவின் பல பகுதிகளில் அலைந்து திரிந்தார் என்றும், பெருமந்தக் காலத்தில் நாடோடித் தொழிலாளர்களின் முகாம்களில் தங்கினார் என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் கூறுகின்றனர். நியூயார்க் திரும்பியதும் இதழ் விநியோக நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். 1932-இல் அந்நிறுவனம் திவாலானது. கூட்டாளியுடன் சேர்ந்து அவர் ஈடுபட்ட அடுத்த விநியோக முயற்சியும் விரைவில் முறிந்தது.

இந்த இரண்டு தோல்விகளும் அவருக்குக் கற்பித்த பாடம் முக்கியமானது. அமெரிக்க இதழ்த் தொழிலில் பதிப்பாளருக்கும் வாசகருக்கும் இடையே விநியோகஸ்தர் என்ற வாயில் இருக்கிறது. கடைக்காரர் இதழ்களை விலை கொடுத்து வாங்கி வைப்பதில்லை. விற்றவற்றுக்குப் பணம் தருவார், விற்காதவற்றைத் திருப்பி அனுப்புவார். காகிதச் செலவு, அச்சுக்கூலி, திரும்பி வரும் பிரதிகளின் நட்டம் ஆகிய அனைத்தும் பதிப்பாளரின் தலையில் விழும். அச்சிட்டதில் பாதி திரும்பி வருவதும் அத்தொழிலில் அரிதன்று. ஆகவே, எந்த அட்டை கடைக்காரரின் முன்வரிசையில் இடம்பிடிக்கும் என்று கணிப்பதே பிழைப்புக்கு வழி.

குட்மன் இந்தக் கணிப்பில் தேர்ந்தார். 1930-களில் மட்டமான காகிதத்தில் அச்சான மலிவு விலைக் கதை இதழ்களை அவர் வெளியிட்டார். மேற்கத்திய குதிரைவீரர் கதை விற்றால் அதே வகையில் நான்கு இதழ்கள். துப்பறியும் கதை விற்றால் அதில் நான்கு. விற்பனை சரிந்த மறுமாதமே இதழ் நிறுத்தப்படும். பல சிறு நிறுவனங்களைத் தனித்தனிப் பெயரில் பதிவு செய்து, ஒன்றின் நட்டம் மற்றொன்றைத் தொடாதபடி பார்த்துக்கொண்டார். புதிய பாதை போடுவதில் அவருக்கு நாட்டமில்லை. மற்றவர் போட்ட பாதையில் வேகமாக ஓடுவதே அவருடைய வணிக முறை. இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. கையிருப்பு முதல் இல்லாத சிறு வணிகர்கள் பலர் எல்லா நாடுகளிலும் இப்படித்தான் பிழைக்கிறார்கள்.

1937-இல் திருமணம் முடிந்து ஐரோப்பாவுக்குத் தேனிலவு சென்ற குட்மன் தம்பதியர், ‘ஹிண்டன்பர்க்’ வான்கப்பலில் நாடு திரும்ப விரும்பினர். இருவருக்கும் அருகருகே இடம் கிடைக்காததால் வேறு வழியில் திரும்பினர் என்று சொல்லப்படுகிறது. அவ்வாண்டு மே மாதம் அந்த வான்கப்பல் நியூஜெர்சியில் எரிந்து விழுந்து 36 பேர் இறந்தது வரலாறு.

பத்து சென்ட் நாயகர்கள்

1938-இல் வேறொரு நிறுவனம் வெளியிட்ட சூப்பர்மேன் கதை அமெரிக்கக் கடைகளில் பரபரப்பாக விற்றது. அந்தப் பாத்திரத்தை உருவாக்கிய இரு இளைஞர்களான ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தனர். அந்தச் சிறு தொகை அடுத்த அரை நூற்றாண்டுக்கு அத்தொழிலின் இலக்கணமாகவே ஆனது.

விற்பதைப் பின்பற்றும் குட்மன் இந்த வாய்ப்பைத் தவறவிடவில்லை. எழுத்தாளரும் ஓவியரும் சேர்ந்து முழுக் கதைகளைத் தயாரித்துக் கொடுக்கும் ஒரு கூடத்திலிருந்து கதைகளை வாங்கி, 1939 ஆகஸ்ட் இறுதியில் ‘மார்வெல் காமிக்ஸ்’ முதல் இதழைக் கடைக்கு அனுப்பினார். விலை பத்து சென்ட். கார்ல் பர்கோஸ் உருவாக்கிய ‘ஹியூமன் டார்ச்’ என்ற தீ மனிதனும், பில் எவரெட் உருவாக்கிய ‘சப்மரைனர்’ என்ற கடல் இளவரசனும் அதில் இடம்பெற்றனர். முதலில் அச்சிட்ட ஏறத்தாழ 80,000 பிரதிகள் விற்றுத் தீர, மறு அச்சில் சுமார் 8 லட்சம் பிரதிகள் விற்றன என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு.

அதன்பின் குட்மன் சொந்தமாக ஆசிரியர் குழுவை அமைத்தார். முதல் ஆசிரியர் ஜோ சைமன். அவருடன் ஜாக் கிர்பி. இருவரும் உருவாக்கிய ‘கேப்டன் அமெரிக்கா’ முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது. அதன் அட்டையில் நாயகன் ஹிட்லரின் தாடையில் குத்துகிறான். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டு இருந்தது. நாட்டில் போருக்கு எதிரான கருத்தும், நாஜி ஆதரவு அமைப்புகளும் வலுவாக இருந்த நேரம் அது. மிரட்டல் கடிதங்கள் வந்தன. அலுவலகத்துக்குக் காவல் போட வேண்டியிருந்ததாக சைமன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். யூதக் குடும்பங்களிலிருந்து வந்த மூவர், ஐரோப்பாவில் தம் இனத்தார் வேட்டையாடப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்த அட்டையை வெளியிட்டனர். எப்போதும் கணக்குப் பார்த்தே அடியெடுத்து வைத்த குட்மன், இந்த இடர்ப்பாட்டைத் தெரிந்தே ஏற்றார் என்பதை அவருடைய வரவில் எழுத வேண்டும். இதழ் ஏறத்தாழ பத்து லட்சம் பிரதிகள் விற்றது.

ஆனால், அந்த வெற்றியிலேயே அடுத்த தவறும் தொடங்கியது. லாபத்தில் ஒரு பங்கு தருவதாகச் சைமனுக்கும் கிர்பிக்கும் வாக்களிக்கப்பட்டிருந்தது. அலுவலகச் செலவுகளில் பெரும்பகுதியை ‘கேப்டன் அமெரிக்கா’ கணக்கில் எழுதி, லாபமே இல்லாதபடி காட்டினார்கள் என்பது சைமன் தரப்பு. போட்டி நிறுவனத்துக்கு இருவரும் இரகசியமாக வேலை செய்வது தெரியவந்ததும் அவர்கள் வெளியேற நேர்ந்தது. பத்தே இதழ்களுடன் அவர்களுடைய பணி முடிந்தது. ஆசிரியர் நாற்காலி, குட்மனின் மனைவிக்கு உறவினரான ஓர் இளைஞருக்குக் கிடைத்தது. அவருக்கு அப்போது வயது 18. அவரே ஸ்டான் லீ.

செலவுகளை ஓரிடத்தில் குவித்து லாபத்தை மறைக்கும் இந்த வழி திரைப்படத் தொழிலிலும் இசைத் தொழிலிலும் நன்கு அறிமுகமானது. மொத்த வருவாயில் பங்கு கேட்காமல் நிகர லாபத்தில் பங்கு கேட்கும் கலைஞர், கணக்கெழுதுபவரின் பேனாவை நம்பியே வாழ வேண்டும்.

வாயில் அடைபட்ட ஆண்டு

போர் முடிந்ததும் அதிநாயகர்களின் மவுசு குறைந்தது. 1950-க்குள் கேப்டன் அமெரிக்கா உள்ளிட்ட பெரும்பாலோர் கடைகளிலிருந்து மறைந்தனர். குட்மன் கலங்கவில்லை, காதல் கதை, குதிரைவீரர் கதை, திகில் கதை, போர்க்கதை என்று வாசகரின் விருப்பம் போன பக்கமெல்லாம் அவரும் போனார். ஆடவருக்கான சாகச இதழ்களும் அவருடைய நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. பின்னாளில் ‘காட்ஃபாதர்’ நாவலால் புகழ்பெற்ற மரியோ பூஸோ அங்கே எழுதிப் பிழைத்தவர்களில் ஒருவர்.

1951-இல் அவர் துணிந்து ஒரு நல்ல காரியம் செய்தார். அட்லஸ் என்ற பெயரில் சொந்த விநியோக நிறுவனம் தொடங்கினார். இளமையில் கற்ற பாடத்தின்படி வாயிலைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். ஆனால், 1954-இல் படக்கதைத் தொழில்மீது புயல் வீசியது. படக்கதைகள் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று உளவியல் மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தம் எழுதிய நூலும், அமெரிக்க செனட் துணைக்குழுவின் விசாரணையும் பொதுமக்களிடம் அச்சத்தை விதைத்தன. பதிப்பாளர்கள் தாமாகவே ஒரு தணிக்கை வாரியத்தை அமைத்துக்கொண்டனர். பல நிறுவனங்கள் மூடப்பட்டன. தொலைக்காட்சியும் சிறுவர்களின் மாலைப் பொழுதைப் பறித்துக்கொண்டிருந்தது.

இந்நிலையில் 1956-இல் குட்மன் சொந்த விநியோகத்தைக் கைவிட்டு, நாட்டின் மிகப் பெரிய விநியோக நிறுவனமான அமெரிக்கன் நியூஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். செலவு குறையும் என்று பார்த்தால் அது அறிவுள்ள முடிவே. ஆனால், அந்நிறுவனத்தின்மீது அமெரிக்க நீதித் துறை 1952-லேயே ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்திருந்தது. பெரிய இதழ்கள் ஒவ்வொன்றாக விலகின. 1957-இல் அது மொத்த விநியோகத் தொழிலிலிருந்தே வெளியேறியது. குட்மனின் இதழ்கள் அச்சாகி வந்தாலும் கடைக்குக் கொண்டுசெல்ல ஆளில்லை.

சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கும் ஒரு நிறுவனம் பாதுகாப்பானது என்று நாம் நினைக்கிறோம். அதன் அளவே அதன் முறிவுக்குக் காரணமாகும்போது, அதைச் சார்ந்திருந்த சிறியவர்கள் முதலில் மூழ்குகிறார்கள்.

வேறு வழியின்றிக் குட்மன் போய் நின்றது போட்டியாளரின் வாசலில். சூப்பர்மேன் இதழ்களை வெளியிட்ட நேஷனல் நிறுவனத்தின் துணை நிறுவனமான இண்டிபெண்டண்ட் நியூஸ் அவருடைய இதழ்களை விநியோகிக்க ஒப்புக்கொண்டது. நிபந்தனை கடுமையானது: மாதம் எட்டு படக்கதை இதழ்களுக்கு மேல் கூடாது. அதுவரை மாதந்தோறும் பல பத்து இதழ்களைக் குவித்தவருக்கு இது கழுத்தில் கட்டிய கல். ஓவியர்களும் எழுத்தாளர்களும் ஒரே நாளில் வேலையிழந்தனர். முன்பே வாங்கி அலமாரியில் வைத்திருந்த கதைகளைக் கொண்டு சில மாதங்கள் இதழ் ஓடியது. ஆசிரியர் குழு ஏறத்தாழ ஸ்டான் லீ ஒருவராகச் சுருங்கியது. நிறுவனத்தின் தலைசிறந்த ஓவியரான ஜோ மனீலி 1958-இல் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தார்.

நெருக்கடி தந்த ஒழுங்கு

வேறிடங்களில் வேலை குறைந்ததால் ஜாக் கிர்பி 1958-இல் அதே வாசலுக்குத் திரும்பினார். பழைய வருத்தத்தை விழுங்கிக்கொண்டு, பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்கு ராட்சதக் கதைகளை வரைந்தார். இன்று திரையில் பிள்ளைகள் கொண்டாடும் ‘குரூட்’ என்ற மர மனிதன் 1960-இல் அப்படி வந்த ஒரு ராட்சதனே.

இதற்கிடையே நேஷனல் நிறுவனம் தன் அதிநாயகர்களை ஒரு குழுவாக்கி வெளியிட்ட இதழ் நன்றாக விற்றது. கோல்ஃப் மைதானத்தில் போட்டி நிறுவனத்தின் தலைவர் பெருமையடித்துக்கொண்டதைக் கேட்டுக் குட்மன் அலுவலகத்துக்கு ஓடிவந்தார் என்று ஒரு கதை உண்டு. அதன் உண்மை குறித்து ஆய்வாளர்களுக்கு ஐயம் இருக்கிறது. எப்படி அறிந்திருந்தாலும், அதே போன்ற ஒரு குழுவை உருவாக்குமாறு அவர் ஸ்டான் லீயிடம் சொன்னார். வழக்கமான பின்பற்றல்தான். ஆனால், விளைவு வழக்கத்துக்கு மாறாக இருந்தது. 1961 நவம்பர் எனத் தேதியிட்ட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ இதழில் லீயும் கிர்பியும் படைத்த நால்வர் ஒருவரோடொருவர் சண்டையிட்டனர். தம் ஆற்றலை எண்ணி வருந்தினர். முகமூடி அணிந்து ஒளிந்துகொள்ளவில்லை. வாசகர்கள் கடிதங்களைக் குவித்தனர்.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஹல்க், தோர், ஸ்பைடர்மேன், அயர்ன்மேன், எக்ஸ்-மென், அவெஞ்சர்ஸ் என அனைவரும் வந்துவிட்டனர். இதில் எட்டு இதழ் வரம்பின் பங்கைக் கவனிக்க வேண்டும். புதிய நாயகனுக்குப் புதிய இதழ் தொடங்க இடமில்லை. எனவே தோரும் அயர்ன்மேனும் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ராட்சதக் கதை இதழ்களுக்குள் குடியேறினர். ஸ்பைடர்மேன் தோன்றியது, நிறுத்தப்படவிருந்த ஓர் இதழின் கடைசி வெளியீட்டில், 1962 ஆகஸ்டில். சிலந்தியைக் கண்டாலே மக்கள் அருவருப்பார்கள் என்று குட்மன் அந்தக் கதையை விரும்பவில்லை என ஸ்டான் லீ பலமுறை சொல்லியிருக்கிறார். விற்பனைக் கணக்கு வந்ததும் குட்மன் தம் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயங்கவில்லை. 1964-இல் கேப்டன் அமெரிக்காவும் பனிக்கட்டியில் உறைந்து கிடந்தவனாக மீட்டெடுக்கப்பட்டான். அவனும் அயர்ன்மேனும் 1968 வரை ஒரே இதழைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது.

இடம் குறைவாக இருந்ததால் ஒரு நாயகனின் கதையில் இன்னொருவன் வந்துபோனான். ஒவ்வோர் இதழும் மற்ற ஏழு இதழ்களுக்கும் விளம்பரமானது. எல்லோரும் வாழ்வது ஒரே நியூயார்க் நகரம் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் வேரூன்றியது. இன்று திரைப்படத் தொழில் பெருமையோடு பேசும் ஒருங்கிணைந்த கதையுலகத்தின் வேர்களில் ஒன்று, பகைவர் விதித்த அந்த வரம்பு. பத்து இதழ்களைக் கடையில் கொட்டி, எது விற்கிறதென்று பார்க்கும் பழைய முறை குட்மனுக்கு இனி இயலவில்லை. இருக்கும் எட்டும் விற்றாக வேண்டும். பற்றாக்குறை சிக்கனத்தை மட்டுமன்றிச் சில நேரம் தரத்தையும் கற்பிக்கும்.

ஆனால், அந்தத் தரத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? எல்லா இதழ்களையும் ஒருவரே எழுத வேண்டியிருந்ததால், ஸ்டான் லீ கதையின் கருவை மட்டும் சொல்ல, ஓவியர் காட்சிகளை அமைத்து முழுக் கதையையும் வரைவார். பிறகு லீ உரையாடல் எழுதுவார். கதையமைப்பில் பாதியைச் செய்த ஓவியருக்குக் கிடைத்தது வரைந்த பக்கத்துக்கான கூலி மட்டுமே. பாத்திரங்களின் உரிமை, மூல ஓவியங்கள், பொம்மையிலும் தொலைக்காட்சியிலும் வந்த வருவாய் ஆகிய எதிலும் அவருக்குப் பங்கில்லை. 1966-இல் மார்வெல் இதழ்களின் ஓவியங்களையே சற்று அசைத்துத் தொலைக்காட்சித் தொடராக்கினர். வரைந்தவர்கள் அதை வீட்டில் அமர்ந்து பார்க்க மட்டும் முடிந்தது. அதே ஆண்டு ஸ்பைடர்மேனை வரைந்த ஸ்டீவ் டிட்கோ விலகினார். கேப்டன் அமெரிக்காவின் உரிமை கோரி ஜோ சைமன் தொடுத்த வழக்கு 1969-இல் சமரசத்தில் முடிந்தது. 1970-இல் கிர்பியும் போட்டி நிறுவனத்துக்குச் சென்றார்.

குட்மன் மற்றவர்களைவிடக் கொடியவர் என்று சொல்ல ஆதாரமில்லை. அன்றைய தொழில் வழக்கமே அதுதான். ஆனால், வழக்கம் என்பது இயற்கை விதியன்று. லாபம் பெறுபவர் மாற்ற விரும்பாத ஏற்பாடு. மாற்றும் அதிகாரம் தம் கையில் இருந்தபோது அவர் அதை மாற்றவில்லை என்பதே அவர்மீதான குறை.

விற்றவரின் கணக்கு

1968-இல் குட்மன் தம் நிறுவனத்தை பெர்ஃபெக்ட் ஃபிலிம் அண்ட் கெமிக்கல் என்ற நிறுவனத்துக்கு விற்றார். விலை சுமார் 1.5 கோடி டாலர் என்று கூறப்படுகிறது. ஸ்டான் லீ பணியில் தொடர வேண்டும் என்பதை வாங்கியவர்கள் வலியுறுத்தினர். காகிதமும் அலுவலக நாற்காலிகளும் பெரிதல்ல, எழுதுபவரும் பாத்திரங்களுமே நிறுவனத்தின் மதிப்பு என்பதை வாங்க வந்தவர்கள் உணர்ந்திருந்தனர். அந்த ஆண்டே புதிய இதழ்கள் பல தொடங்கப்பட்டன. அடுத்த ஆண்டு விநியோகம் வேறு நிறுவனத்துக்கு மாறியதும் பழைய தளை முழுவதும் அறுந்தது.

பதிப்பாளராக 1972 வரை நீடித்த குட்மன், கடைசிக் காலத்தில் இரண்டு குறிப்பிடத்தக்க முடிவுகளை எடுத்தார். 1971-இல் போதைப்பொருளின் தீமையை விளக்கும் கதை ஒன்றை வெளியிடுமாறு அமெரிக்க அரசின் நலத் துறை ஸ்டான் லீயைக் கேட்டுக்கொண்டது. போதைப்பொருளைக் குறிப்பிடவே கூடாது என்று தணிக்கை வாரியம் முத்திரை தர மறுத்தது. முத்திரை இல்லாமலேயே மூன்று ஸ்பைடர்மேன் இதழ்களை வெளியிடக் குட்மன் இசைந்தார். கடைக்காரர்கள் மறுத்தால் அத்தனை பிரதிகளும் திரும்பி வந்திருக்கும். இதழ்கள் விற்றன, வாரியம் தன் விதிகளைத் தளர்த்தியது.

இரண்டாவது, விலைப் போர். அதே ஆண்டு இரு பெரும் நிறுவனங்களும் பக்கங்களைக் கூட்டி, விலையை 15 சென்டிலிருந்து 25 சென்டாக உயர்த்தின. ஒரே மாதத்தில் குட்மன் பின்வாங்கினார்: பழைய பக்க அளவு, விலை 20 சென்ட், கடைக்காரருக்குக் கூடுதல் கழிவு. போட்டியாளர் ஏறத்தாழ ஓராண்டு 25 சென்டிலேயே நின்றார். சிறுவனின் சட்டைப் பையில் ஒரு டாலர் இருந்தால், ஒரு பக்கம் நான்கு இதழ்கள், மறுபக்கம் ஐந்து. 1972-இல் மார்வெல் முதன்முறையாக விற்பனையில் முதலிடம் பிடித்தது. எட்டு இதழ்களுக்குள் தன்னை அடைத்து வைத்தவரைப் பதினைந்து ஆண்டுகளில் முந்தியது.

அத்துடன் குட்மன் ஓய்வு பெற்றார். தம் மகன் சார்லஸ் அந்த இடத்தில் தொடர்வார் என்று எதிர்பார்த்தார். புதிய உடைமையாளர்கள் அதை ஏற்கவில்லை. சினமுற்ற குட்மன் 1974-இல் மகனுடன் சேர்ந்து மீண்டும் அட்லஸ் என்ற பெயரில் படக்கதை இதழ்களைத் தொடங்கினார். இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் வியப்பான திருப்பம் நிகழ்ந்தது. சிறந்த ஓவியர்களை ஈர்க்க, சந்தையிலேயே உயர்ந்த பக்கக் கூலி அறிவித்தார். மூல ஓவியங்களைத் திருப்பித் தருவதாகவும், படைப்புகளில் சில உரிமைகள் அளிப்பதாகவும் சொன்னார். முப்பது ஆண்டுகள் மறுத்தவற்றை, முதலாளியாக இல்லாமல் போட்டியாளராக நின்றபோது கொடுக்க முன்வந்தார்.

எனினும் அம்முயற்சி 1975-லேயே மூடப்பட்டது. ஒரே நேரத்தில் ஏராளமான இதழ்கள். எதற்கும் வேர்விட நேரமில்லை. மார்வெல் நாயகர்களின் சாயலில் நாயகர்களைப் படைக்கச் சொல்லி மேலிடத்து நெருக்குதல். 1957-க்கு முந்தைய பழைய குட்மன் திரும்பி வந்திருந்தார். எட்டு இதழ்களுக்குள் கட்டுண்டிருந்தபோது கற்ற ஒழுங்கை, பணம் கையில் இருந்தபோது அவர் மறந்தார். பின்னர் ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் அமைதியாக வாழ்ந்து, 1992 ஜூன் 6 அன்று தம் 84-ஆம் வயதில் காலமானார்.

இன்றைக்கும் உள்ள கேள்வி

அவர் தொடங்கிய நிறுவனம் பல கைகள் மாறி, 1996-இல் திவால் பாதுகாப்புக் கோரி, மறுபடியும் மீண்டு, 2009-இல் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு டிஸ்னியிடம் சென்றது. அந்த மதிப்பின் பெரும்பகுதி, மாதம் எட்டு இதழ் வந்த காலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் பக்கக் கூலிக்குப் படைத்த பாத்திரங்களிலிருந்து பிறந்தது. கிர்பி தம் மூல ஓவியங்களில் ஒரு சிறு பகுதியைப் பெறுவதற்கே 1987 வரை போராட வேண்டியிருந்தது. அவர் 1994-இல் இறந்தார். அவருடைய வாரிசுகளுடன் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது 2014-இல், வழக்கு உச்ச நீதிமன்றத்தின் வாசலை அடைந்த பிறகே.

குட்மனின் வாழ்க்கை இரண்டு செய்திகளை விட்டுச் செல்கிறது. முதலாவது, தன் பொருளை வாசகரிடம் சேர்க்கும் வழி ஒன்றே ஒன்றாக இருக்கும் பதிப்பாளர் தம் தொழிலுக்கு முழு உடைமையாளர் அல்லர். 2025 ஜனவரியில் அமெரிக்கப் படக்கதை விநியோகத்தில் நீண்டகாலம் கோலோச்சிய டயமண்ட் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியபோது, தனித்தியங்கும் சிறு பதிப்பகங்கள் பல 1957-இன் குட்மனைப் போலவே திகைத்து நின்றன. ஒரே இணைய விற்பனைத் தளத்தை நம்பிப் புத்தகம் போடும் எந்த மொழிப் பதிப்பாளரும் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, ஒரு பதிப்பகத்தின் மீட்சிக்கு முதல் தேவை, வழி தேவை, இரண்டையும்விடத் தேவை படைப்பவரின் மனம். இடர்ப்பாட்டை ஏற்ற முதலாளிக்கு லாபத்தில் உரிமை உண்டு. 1957-இல் கடையை மூடாமல் இருந்த பொறுமைக்கும் குட்மனுக்குப் பெருமை சேரும். ஆனால், அதே ஆண்டில் வேலையிழந்து, அடுத்த ஆண்டு குறைந்த கூலிக்குத் திரும்பி வந்த ஓவியரும் இடர்ப்பாட்டை ஏற்றவரே. முதலாளியின் இடர்ப்பாடு கணக்கேட்டில் பங்காக எழுதப்பட்டது. ஓவியரின் இடர்ப்பாடு செலவாக எழுதப்பட்டது. படைப்புத் தொழில்களுக்கான ஒப்பந்தங்களும் பதிப்புரிமைச் சட்டங்களும் திருத்த வேண்டிய கணக்கு அதுவே. தம் கடைசி முயற்சியில் குட்மனே அதைத் திருத்தத் தொடங்கினார். அதற்குள் அவரிடம் நிறுவனமும் இல்லை, காலமும் இல்லை.